விண்டர்ல கரீபியன் குரூஸ் போறீங்களா? காத்து எந்தப் பக்கம்னு பாத்துட்டு பொட்டி கட்டுங்க

நாங்க மொத தடவ குரூஸ் போனது ஒரு ஜனவரி மாசம், மயாமில இருந்து பஹாமாஸுக்கு நாலு நைட். நியூஜெர்சில வீட்டு வாசல்ல பனிய தள்ளிட்டு ஏர்போர்ட்டுக்கு கிளம்பினதால, பொட்டில ஷார்ட்ஸும் ஸ்விம் டிரஸ்ஸும் மட்டும்தான், போட்டிருந்த ஜாக்கெட்டக் கூட கார்லயே கழட்டிப் போட்டுட்டுப் போனோம், அதான் கரீபியன் போறோமேன்னு ஒரு தெனாவெட்டு. ரெண்டாம் நாள் காலைல டெக்குக்குப் போனா 17 டிகிரி. காத்து அடிச்ச அடில பேப்பர் கப்பெல்லாம் பறக்குது, பூல்ல வலை போட்டு மூடியாச்சு, கப்பல் கம்பெனியோட தனித்தீவுக்குப் போற ஸ்டாப் கேன்சல்னு கேப்டன் மைக்ல சொல்றார். திருச்சில இருந்து வந்திருந்த எங்கம்மா மட்டும் மங்கி கேப்பும் சால்வையுமா ஜம்முனு உக்காந்து டீ குடிச்சுட்டு இருந்தாங்க. நாங்க ஷிப்புல இருந்த கடைலயே ஆளுக்கு ஒரு ஹூடி வாங்கினோம், விலை மட்டும் கேக்காதீங்க.

அதுக்கப்புறம் அஞ்சாறு தடவ போயாச்சு, எல்லாமே குளிர்காலத்துலதான். இப்ப ஃபிரெண்ட்ஸ் யாராவது புதுசா புக் பண்ணினா மொத கேள்வியே "அங்க எத்தன டிகிரி இருக்கும்?"னுதான் வருது. டிகிரி தெரிஞ்சு பெருசா ஒண்ணும் ஆகப்போறதில்ல. விண்டர் குரூஸ்ல உங்க லீவ நல்லாக்குறதும் கெடுக்குறதும் காத்துதான். அதனால இத காத்துல இருந்தே படிப்படியா சொல்றேன். டிகிரி எல்லாம் செல்சியஸ்.

ஸ்டெப் 1: உங்க கப்பல் எந்தப் பக்கம் போகுதுன்னு மேப்புல பாருங்க

கரீபியன்னு டிக்கெட்ல போட்டிருந்தாலும் அது ஒரே ஊர் இல்ல. பஹாமாஸ் கரீபியன் கடல்லயே கிடையாது, அது அட்லாண்டிக்ல, ஃப்ளோரிடாவுக்குப் பக்கத்துல இருக்கு. மயாமில ஜனவரி பகல் 24, 25 டிகிரி, ராத்திரி 16, பஹாமாஸ் தலைநகர் நசாவுலயும் கிட்டத்தட்ட அதேதான், இது சராசரி, குளிர் காத்து இறங்குச்சுன்னா மயாமில விடியக்காலைல 10 டிகிரிக்குக் கீழயும் போகும். 1977 ஜனவரி 19 அன்னிக்கு மயாமில பனித்தூறலே விழுந்திருக்கு. 2020 ஜனவரில ஃப்ளோரிடா வெதர் ஆபீஸ்காரங்க, குளிர்ல மரத்துப்போன ஓணான் மரத்துல இருந்து விழும், ஜாக்கிரதைன்னு அறிவிப்பே குடுத்தாங்க. விளையாட்டுக்கு சொல்லல, அங்க இருக்குறது இக்வானா, அது ஒண்ணு தலைல விழுந்தா தெரியும்.

இப்ப அங்க இருந்து தெக்கயும் கெழக்கயும் நகருங்க. கோசுமெல், கிராண்ட் கேமன், ஜமைக்கா இதெல்லாம் பகல்ல 27, 28, ராத்திரி 20ல இருந்து 22. செயின்ட் தாமஸ், போர்ட்டோ ரிக்கோவோட சான் வான், செயின்ட் மார்ட்டின் பக்கம் பகல் 28, 29, ராத்திரி 22, 23, நம்ம சென்னை தை மாசம் மாதிரியேதான், ஸ்வெட்டர் போடலாமா வேணாமான்னு மாமியும் மாமாவும் சண்ட போட்டுக்குற அந்த வெதர். இன்னும் கீழ அரூபா, குராசாவ் போனா பகல் 29, 30, ராத்திரில கூட 24, 25 இருக்கும்.

கடல் தண்ணியும் அதே கணக்குதான். பஹாமாஸ்ல ஜனவரி பிப்ரவரில 23, 24 டிகிரி. வெள்ளக்காரங்க பொத்துன்னு குதிப்பாங்க, நாம முட்டி வரைக்கும் போயிட்டு "ஐயோ அம்மா"ன்னு திரும்பி வருவோம். தெக்கு தீவுகள்ல 26, 27, அதுல மணிக்கணக்கா கெடக்கலாம். அதனால என் கருத்து, ஜனவரி பிப்ரவரில கடல்ல குளிக்கணும்ங்கிறதுதான் மெயின் ஆசைன்னா மூணு நாலு நாள் பஹாமாஸ் ட்ரிப் ஒரு லாட்டரி சீட்டு. கொஞ்சம் காசு கூட ஆனாலும் சான் வான்ல ஏறி தெக்கால போற ஏழு நாள் ரூட் எடுங்க. பஹாமாஸ் ஏன் மலிவா கெடைக்குதுங்கிறதுக்கு அந்த 17 டிகிரி காலையும் ஒரு காரணம்னு நெனைக்கிறேன்.

ஸ்டெப் 2: ரெண்டு காத்தையும் தெரிஞ்சுக்கோங்க

குளிர்காலத்துல அங்க ஆட்டம் போடுறது ரெண்டே காத்து.

ஒண்ணு ட்ரேட் விண்ட். வடகெழக்குல இருந்தோ கெழக்குல இருந்தோ வருஷம் பூரா வீசுறது, கொலம்பஸ் காலத்து பாய்மரக் கப்பலெல்லாம் இத நம்பித்தான் வந்துச்சு. டிசம்பர் நடுவுல இருந்து ஜனவரி, சில வருஷம் பிப்ரவரி வரைக்கும் இது இன்னும் வேகம் எடுக்கும், அந்தப் பக்கத்து ஆளுங்க இத கிறிஸ்துமஸ் விண்ட்ஸ்னு சொல்வாங்க. 20, 25 நாட் சர்வ சாதாரணம், ஒரு நாட்னா மணிக்கு 1.85 கிலோமீட்டர், நீங்களே பெருக்கிக்கோங்க. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு நம்ம ஊர்ல சொல்றத அரூபால மார்கழி தைல பாக்கலாம், அங்க டிவி டிவின்னு ஒரு மரம், காத்துக்கு பயந்து மொத்தமா ஒரே பக்கம் சாஞ்சு வளர்ந்திருக்கும், எல்லாரும் பக்கத்துல நின்னு போட்டோ எடுப்பாங்க, எடுக்குறப்ப தொப்பி போயிடும். ஆனா இந்தக் காத்து கெட்டது கிடையாது. வெயில் உறைக்காம பாத்துக்குறதே இதுதான்.

ரெண்டாவதுதான் வில்லன். வட அமெரிக்கால இருந்து இறங்குற குளிர் காத்து, கோல்ட் ஃப்ரன்ட். மெக்சிகோ பக்கம் இதுக்கு நோர்டேன்னு பேரு. ஜனவரி பிப்ரவரில வாரத்துக்கு ஒண்ணுன்னு வரிசையா இறங்கும், எல்லாமே தெக்க வரைக்கும் போகாது, பஹாமாஸ், கியூபா தாண்டறதுக்குள்ள நெறைய இளைச்சுப் போயிடும், பலமான சிலது ஜமைக்கா வரைக்கும் எட்டிப் பாக்கும்.

இது வர்ற முறைய ஒரு தடவ புரிஞ்சுக்கிட்டா அப்புறம் நீங்களே ஜோசியம் சொல்லலாம். வர்றதுக்கு மொத நாள் காத்து தெக்கால இருந்து வீசும், கதகதப்பா, கொஞ்சம் புழுக்கமா, கடல் அமைதியா, "ஆஹா என்ன வெதர்"னு எல்லாரும் சொல்வாங்க. அப்புறம் காத்து மெதுவா மேக்க திரும்பும், வடமேக்குல ஒரு கருப்புக் கோடு மாதிரி மேகம் தெரியும், மழை ஒரு மணி நேரம் சாத்து சாத்துன்னு சாத்தும், சட்டுனு காத்து வடக்கால மாறி குளிர் அடிக்கும். வானம் பளிச்னு நீலமா இருக்கும், போட்டோ அருமையா வரும், ஆனா நிக்க முடியாது. ஒண்ணு ரெண்டு நாள்ல காத்து வடகெழக்குக்கு வந்துடும், பழையபடி நார்மல். ஆக கெட்ட வெதர்னாலும் மிஞ்சிப்போனா ரெண்டு நாள்தான், ஏழு நாள் ட்ரிப்னா அது ஒரு பொருட்டே இல்ல, மூணு நாள் ட்ரிப்னா அதுவேதான் ட்ரிப்.

புயல் பத்தி பயப்படுறவங்களுக்கு: அட்லாண்டிக் ஹரிகேன் சீசன் ஜூன் 1ல இருந்து நவம்பர் 30 வரைக்கும். டிசம்பர் பொறந்தாச்சுன்னா அந்தக் கவலைய மூட்ட கட்டி வெச்சுடலாம்.

ஸ்டெப் 3: எந்த ஊர்ல டெண்டர், எந்த ஊர்ல பியர்னு எழுதி வெச்சுக்கோங்க

புதுசா போற யாரும் இத பாக்குறதில்ல. சில ஊர்ல கப்பல் நேரா பியர்ல, அதாவது கரையோட ஒட்டுன மேடைல போய் நிக்கும், எறங்கி நடந்து போகலாம். சில ஊர்ல கடல்லயே நின்னுக்கிட்டு சின்ன படகுல ஆள ஏத்தி கரைல விடுவாங்க, அதான் டெண்டர். கிராண்ட் கேமன் அப்படித்தான், பெலீஸ் சிட்டியும் அப்படித்தான், அங்க ஆழம் கம்மிங்கிறதால கப்பல் ரொம்ப தூரத்துலயே நின்னுடும். அலை கொஞ்சம் எழும்பினாலும் டெண்டர்ல ஆள ஏத்த மாட்டாங்க, ஏத்தவும் கூடாது, வயசானவங்க கால வெக்கிற நேரம் பாத்து படகு ஒரு அடி மேல போய் ஒரு அடி கீழ வரும்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. ட்ரேட் விண்ட் எப்பவும் கெழக்கால இருந்து வர்றதால, தீவுகள்ல பழைய துறைமுகம் எல்லாம் பெரும்பாலும் மேக்குக் கரைல, காத்து மறைவுலதான் கட்டியிருப்பாங்க. கிராண்ட் கேமன்ல ஜார்ஜ் டவுன் மேக்க பாத்த ஊர், கோசுமெல் பியரும் மேக்குல, பார்படாஸ் பிரிட்ஜ்டவுன், செயின்ட் லூசியா கேஸ்ட்ரீஸ், டொமினிகா ரோசோ எல்லாம் அந்தப் பக்கம்தான். அதனால கெழக்கால எவ்வளவு காத்து அடிச்சாலும் இங்க குளம் மாதிரி இருக்கும். ஆனா கோல்ட் ஃப்ரன்ட் வர்றப்ப காத்து வடமேக்குல இருந்து வருதா, அப்ப அதே ஊர்ங்கதான் நேரா வாங்கிக்கட்டிக்கும். கேமன்ல அந்த மாதிரி நாள்ல தெக்குப் பக்கம் இருக்குற ஸ்பாட்ஸ்ங்கிற இடத்துல டெண்டர் விடுவாங்க, இல்லன்னா ஸ்டாப்பே கேன்சல். கோசுமெல்ல பியர் இருந்தும் நோர்டே பலமா அடிச்சா போர்ட்ட மூடிடுவாங்க.

பீச் செலக்ட் பண்றப்பவும் இதே புத்திதான். மேக்குக் கரை பீச்ல பசங்கள விடலாம். பார்படாஸ்ல பாத்ஷீபா மாதிரி கெழக்குக் கரை பாக்கத்தான் அழகு, அலை அட்லாண்டிக்க தாண்டி நேரா வந்து மோதுது, குளிக்கிற இடம் கிடையாது. போர்ட்டோ ரிக்கோ வடக்குக் கரைலயும் விண்டர்ல ஜாக்கிரதை, தூரத்துல வட அட்லாண்டிக்ல புயல் அடிச்சா அதோட அலை ரெண்டு மூணு நாள் கழிச்சு இங்க வந்து சேரும், வெயில் அடிச்சுக்கிட்டே இருக்கும், காத்தே இருக்காது, ஆனா கடல் உள்ள இழுக்கும். செவப்புக் கொடி பறந்தா எறங்காதீங்க, அவ்வளவுதான்.

ஸ்டாப் கேன்சல் ஆனா, அந்த ஊர் போர்ட் வரி மட்டும் உங்க ஷிப் அக்கவுண்ட்ல திரும்ப வரும், பெரிய தொகை எல்லாம் இல்ல. கப்பல் வழியா புக் பண்ண டூர்னா முழுக்க ரீஃபண்ட் ஆகிடும். வெளி ஆள்கிட்ட புக் பண்ணியிருந்தா அவங்க ரூல் என்னன்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க. நான் பியர் இருக்குற ஊர்ல வெளில புக் பண்ணுவேன், டெண்டர் ஊர்ல கப்பல்லயே.

ஸ்டெப் 4: டெக் காத்துக்கும் ஆட்டத்துக்கும் ஒரு மனக்கணக்கு

ஊர்ல 28 டிகிரின்னு போட்டிருக்கும், டெக்ல நின்னா குளிரும். ஏன்னா கப்பல் ஓடுற வேகமும் காத்து வேகமும் சேர்ந்துக்கும். மயாமில இருந்து செயின்ட் தாமஸுக்கு கெழக்க 20 நாட்ல போறீங்க, எதிர்ல ட்ரேட் விண்ட் 20 நாட், உங்க மூஞ்சில அடிக்கிறது 40 நாட், மணிக்கு 74 கிலோமீட்டர், பைக்ல ஹெல்மெட் இல்லாம ஜிஎஸ்டி ரோட்ல போற மாதிரி. திரும்பி வர்றப்ப அதே காத்து பின்னாடி இருந்து வரும், கப்பலும் அதே வேகம், டெக்ல இல அசையாத மாதிரி இருக்கும், வெயில் சுள்ளுன்னு உறைக்கும். ஈஸ்டர்ன் ரூட்ல போறவங்க பூல்ல கெடக்குற பிளான திரும்பி வர்ற நாளுக்கு வெச்சுக்கோங்க.

ஆட்டம் எப்படின்னா, பெரிய கப்பல்ல சாதாரண நாள்ல லேசா ஊஞ்சல் மாதிரிதான், நெறைய பேருக்கு தெரியவே தெரியாது. தூக்கி அடிக்கிற இடம்னு சிலது இருக்கு: ஃப்ளோரிடாவுக்கும் பஹாமாஸுக்கும் நடுவுல ஓடுற கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டம் வடக்க போகுது, கோல்ட் ஃப்ரன்ட் காத்து வடக்கால இருந்து எதிர்ல வருது, ரெண்டும் முட்டிக்கிட்டா அலை செங்குத்தா நிக்கும். கொலம்பியாவுக்கு வடக்க இருக்குற கடல், கார்ட்டஹேனா, பனாமா கால்வாய் ரூட் எடுக்குறவங்க தாண்டுற இடம், ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் அங்க 30 நாட்டுக்கு மேல அடிக்கிறது வழக்கம். அப்புறம் நியூஜெர்சி, நியூயார்க்ல இருந்தே கப்பல் ஏறுனா ஹேட்டரஸ் முனைய தாண்டணும், அட்லாண்டிக்கோட கல்லறைன்னு அதுக்கு பட்டப்பேரே இருக்கு. ஃப்ளைட் செலவு மிச்சம்னு நாங்களும் ஒரு பிப்ரவரில இங்க இருந்தே ஏறினோம், மொத ரெண்டு நாள் லிஃப்ட் பக்கத்துல வாந்தி கவர் கொத்தா மாட்டி வெச்சிருந்தாங்க, அதுக்கு மேல சொல்ல வேணாம். வயசான அப்பா அம்மாவ கூட்டிட்டுப் போறீங்கன்னா அந்த மிச்சம் வேணாம்.

ரூம் புக் பண்றப்ப நடுவுல, கீழ் டெக்கா எடுங்க, ஊஞ்சல்ல சங்கிலி மாட்டுற எடம் ஆடாது, பலகைதான் ஆடும். மெக்லிசின் மாத்திரை ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போடணும், வாந்தி வந்தப்புறம் போட்டு பிரயோஜனம் கம்மி, தூக்கம் வரும். கண் பிரஷர், ப்ராஸ்டேட் பிரச்சன இருக்குறவங்க டாக்டர கேக்காம போடக்கூடாது. அம்மா ஊர்ல இருந்து கொண்டு வந்த இஞ்சி மொரப்பா எனக்கு பாதி வேலைய செஞ்சுடுச்சு.

ஸ்டெப் 5: மழையும் வெயிலும்

போன் ஆப்ல பாத்தா ஏழு நாளும் மழ மேகம் படம் காட்டும், பாத்துட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு மெசேஜ் பண்ணுவாங்க. கண்டுக்காதீங்க. டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் அந்தக் கடல் பூராவும் பெரும்பாலும் வறண்ட சீசன்தான், பெய்யுற மழையும் ஒரு மேகம் வந்து பத்து பதினஞ்சு நிமிஷம் கொட்டிட்டுப் போறது, நனைஞ்ச சட்ட காத்துலயே காஞ்சுடும். விதிவிலக்கு உண்டு: ஹோண்டுராஸ் ரோட்டான் தீவுக்கு டிசம்பர் நல்ல மழக்காலம், பனாமால கொலோன் பக்கமும் டிசம்பர்ல ஊத்தும், ஜனவரில இருந்து பரவால்ல. மலை, காடுன்னு இருக்குற எடத்துல எப்பவும் மழைதான், போர்ட்டோ ரிக்கோ எல் யுங்கே போறவங்க ரெயின்கோட் எடுத்துட்டுப் போங்க.

வெயில் விஷயத்துல நம்மாளுங்க "நாம பாக்காத வெயிலா"ன்னு போயிட்டு தோள்பட்ட உரிஞ்சு வருவாங்க. காத்து சில்லுன்னு இருக்குறதால சூடு தெரியாது, தண்ணில பட்டு கீழ இருந்தும் அடிக்கும். சன்ஸ்க்ரீன் வாங்குறப்ப லேபிள் படிங்க, அமெரிக்க விர்ஜின் தீவுகள்லயும் அரூபாலயும் 2020ல இருந்து பவளப்பாறைய கெடுக்குற ஆக்ஸிபென்சோன் போட்ட கிரீம் தடை, ஜிங்க் ஆக்ஸைடு போட்டதா வாங்கிடுங்க. பொழுதும் சீக்கிரம் சாயும், நசாவுல டிசம்பர்ல அஞ்சரைக்குள்ள சூரியன் போயிடும், மூணரைக்கு மேல தண்ணில இருந்து எழுந்தா வெடவெடங்கும், பீச் நேரத்த காலைலயே வெச்சுக்கோங்க.

ஸ்டெப் 6: பொட்டி

ஆளுக்கு ஒரு ஹூடி, காத்து புகாத மெல்லிசு ஜாக்கெட் ஒண்ணு, ஒரு முழு பேண்ட். பட்டன் வெச்ச தொப்பி, இல்ல கயிறு கட்டுற தொப்பி. சால்வ கட்டாயம், வெளில வெயில் அடிச்சாலும் தியேட்டர்லயும் டைனிங் ஹால்லயும் ஏசிய வெச்சு வதைப்பாங்க. பசங்களுக்கு முழுக்கை ஸ்விம் சட்ட, குளிரும் தாங்கும் வெயிலும் தாங்கும். மொத நாள் பெரிய பொட்டி ரூமுக்கு வர சாயங்காலம் ஆகும், அதனால ஸ்விம் டிரஸ்ஸும் ஹூடியும் கைப்பைலயே இருக்கட்டும். வெதருக்கு சம்பந்தம் இல்லாத ஒண்ணு, ராணுவ டிசைன் போட்ட டிரஸ் எதுவும் எடுக்காதீங்க, பார்படாஸ், ஜமைக்கா, செயின்ட் லூசியா மாதிரி ஊர்ல சாதாரண ஜனங்க அத போடுறது சட்டப்படி குத்தம், சின்னப் பசங்க நிக்கர் உள்பட.

ஸ்டெப் 7: கிளம்புறதுக்கு அஞ்சு நாள் முன்னாடி

இருபது நாள் முன்னாடியே வெதர் பாக்குறது கிளி ஜோசியம். அஞ்சு நாள் இருக்குறப்ப பாத்தா போதும். அமெரிக்க நேஷனல் ஹரிகேன் சென்டர் விண்டர்லயும் சும்மா இருக்குறதில்ல, கரீபியன், மெக்சிகோ வளைகுடாவ பகுதி பகுதியா பிரிச்சு காத்து எத்தன நாட், அலை எத்தன அடின்னு தெனமும் போடுவாங்க, ஃப்ரீ. படமா பாக்கணும்னா விண்டி ஆப். அம்புக்குறி கெழக்கால இருந்து வந்தா கவலை இல்ல, வடமேக்கால இருந்து வர ஆரம்பிச்சா உங்க ரூட்ல டெண்டர் ஊர் எந்தத் தேதின்னு பாருங்க. என் கைக்கணக்கு: 15 நாட்டுக்குள்ள சொகம், 20 வரைக்கும் நார்மல், 25 தாண்டுனா டெண்டர் சந்தேகம், 30 தாண்டுனா மாத்திரைய தேடுங்க. அலை 6 அடின்னு போட்டிருந்தா எல்லா அலையும் 6 அடின்னு அர்த்தம் இல்ல, எல்லா அலைலயும் பெருசா இருக்குற மூணுல ஒரு பங்கோட சராசரி அது, நடுவுல ஒண்ணு ரெண்டு அதுக்கு டபுளாவும் வரலாம்.

ஸ்டெப் 8: கப்பல் ஏறுற ஊருக்கு போய் சேர்றது

இத கடைசில சொன்னாலும் காசு நஷ்டம் ஆகுறது இங்கதான். கரீபியன்ல வெதர் நல்லாத்தான் இருக்கும், உங்க ஊர்ல பனி கொட்டி ஃப்ளைட் கேன்சல் ஆகும், கப்பல் யாருக்காகவும் நிக்காது. 2022 கிறிஸ்துமஸ் பனிப்புயல்ல எத்தனையோ குடும்பம் ஏர்போர்ட்லயே ஹாலிடேய கழிச்சாங்க. விண்டர்னா ஒரு நாள் முன்னாடியே போயிடுங்க, பனி ஊர்க்காரங்கன்னா ரெண்டு நாள் கூட தப்பில்ல. டெக்சாஸ் கால்வெஸ்டன்ல ஏறுறவங்களுக்கு வேற தலவலி, ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் குளிர்ந்த தண்ணி மேல கதகதப்பான காத்து வந்து கடல் மூடுபனி எறங்கும், கப்பல் வர்ற வாய்க்கால மூடிடுவாங்க, காலைல வர வேண்டிய கப்பல் மதியம், சாயங்காலம், சில நாள் மறுநாள்தான் வரும். டாம்பாலயும் இது உண்டு. திரும்பி வர்ற நாளுக்கும் இதே கதைதான், அதனால அங்க காலை பதினோரு மணி ஃப்ளைட் போடாதீங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போடுங்க. கப்பல் கம்பெனி அனுப்புற மெசேஜ் வர்ற போன் நம்பர் சரியா குடுத்திருக்கீங்களான்னு ஒரு தடவ பாத்துக்கோங்க, எங்க கூட வந்த ஒரு குடும்பம் பழைய நம்பர குடுத்துட்டு, மூடுபனில கப்பலே வராத டெர்மினல் வாசல்ல நாலு மணி நேரம் பொட்டி மேல உக்காந்திருந்தாங்க.